மத்தியானத்தில் தவறிய கையொப்பங்கள்

செல்வி, பாபு, இலங்கைக்குப் போய்வந்த பிறகு அப்பா ஏன் கம்பெனி வேலையை விட்டார் என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது உங்கள் கணக்குப் புத்தகத்தில் மீப்பெரு பொது வகுத்தி, அதுதான் மீ.பொ.வ., வந்துவிட்டது. இனிமேல் சொன்னால் புரியும். ஆறு நாள் பயணம்தான். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது நான் திருச்சியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் மெக்கானிக். படித்தது ஐ.டி.ஐ. பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் பொருத்துவது என் வேலை. அதற்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுவது முதலாளியின் வேலை. அவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

சார் எழுதியதில் ஒன்று கையொப்பப் புரோகிராம். இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் அதை வாங்கியிருந்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து கொழும்பில் உள்ள கிடங்குக்கும், தேயிலை வாங்குகிறவர்களுக்கும் டெலிபோன் வழியாகக் கடிதம் போகும். அது தோட்டத்திலிருந்துதான் வந்தது என்று எப்படி நம்புவது? அதற்காகக் கடிதத்தின் அடியில் முந்நூறு இலக்கத்துக்கு ஒரு பெரிய எண் இருக்கும். அதுதான் கையொப்பம். அதைப் போட ஒரு ரகசிய எண் வேண்டும். அந்தரங்கச் சாவி என்பார் சார். அது தோட்டத்துப் பெட்டிக்குள் மட்டும் இருக்கும். சரிபார்ப்பதற்கு வேறொரு சாவி. அது எல்லாரிடமும் இருக்கலாம்.

ஒருநாள் கொழும்புக் கிடங்குக்கு ஒரு கடிதம் வந்தது. இத்தனை பெட்டித் தேயிலையை இதைக் கொண்டுவருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று இருந்தது. கையொப்பம் சரியாக இருந்தது. கிடங்குக்காரருக்கு என்னவோ சந்தேகம் தட்டித் தோட்டத்துக்கு போன் செய்தார். தோட்டத்தில் யாரும் அப்படி ஒரு கடிதம் அனுப்பவே இல்லை.

தேயிலை தப்பித்தது. ஆனால் சாவி யாருடைய கையிலோ இருக்கிறது. பெட்டியைத் திறக்கிற ரகசியச் சொல் தெரிந்தவர் ஒரே ஒருவர், புஷ்பராணி என்கிற கிளார்க். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து வெள்ளிக்கிழமை விசாரணை என்று நாள் குறித்துவிட்டார்கள். பெட்டி சில நாள் தப்பான கையொப்பமும் போடுகிறது, பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள்.

“தப்புத் தப்பா கையொப்பம் போடுதாம். மெமரிய மாத்திட்டு வா. வேற எதையும் கிளறாத” என்று சொல்லி சார் என்னை அனுப்பினார்.

மெமரி என்பது கம்ப்யூட்டர் கணக்குப் போடும்போது இலக்கங்களைப் பிடித்துவைத்துக்கொள்கிற பச்சைப் பலகை. ஒரு சாண்கூட இருக்காது. புதிதாக இரண்டை எடுத்து வெள்ளி உறையில் போட்டு, உங்கள் சத்துமாவு டப்பாவுக்குள் வைத்து, மடியிலிருந்து இறக்காமல் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் இறங்கினேன். வெயிலும் புழுக்கமும் நம்மூர் மாதிரியே இருந்ததால் வெளிநாடு என்றே தோன்றவில்லை. திங்கள்கிழமை ரயில் மலை ஏற ஆரம்பித்ததும்தான் தோன்றியது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் மழை உள்ளே வருகிறது. வடை விற்கிறவர் வந்தார். பருப்பு வடைதான், ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் முழு இறால் ஒன்று மீசையோடு உட்கார்ந்திருந்தது. உங்கள் அம்மா பார்த்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். நான் இரண்டு தின்றேன்.

எதிரே ஒரு ராணுவச் சிப்பாய். போர் நிறுத்தம் வந்திருந்த காலம், லீவில் போகிறவர் போலிருந்தது. ஆனாலும் அவர் என் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கடைசியில் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த, ஹட்டன் என்கிற மலை ஊருக்குப் போகிற ஓர் அம்மா தமிழில் சொன்னார்:

“குண்டான்னு கேக்குறாருங்க. பயப்படாதீங்க, பகிடிக்குத்தான்.”

பகிடி என்றால் கேலி. நான் உடனே மூடியைத் திறந்து காட்டினேன். கம்ப்யூட்டரின் ஞாபகம் இதில்தான் இருக்கும் என்று சொன்னதை அந்த அம்மா சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். சிப்பாய் யோசித்து ஒரு பதில் சொன்னார்.

“அரச்சுப் பால்ல குடுத்தா அவரு மகனுக்கும் ஞாபகம் வருமாம். பய மூணாவது தடவையா பரீச்ச எழுதுறானாம்.”

நாவலப்பிட்டி தாண்டி ரயில் நின்றுவிட்டது. மேட்டிலிருந்து மண் சரிந்து பாதையில் விழுந்திருந்தது. எல்லாரும் இறங்கி, வழுக்குகிற படியில் நடந்து ரோட்டுக்கு வந்து பஸ்ஸில் ஏறினோம். கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார். “உள்ள போங்க, ஒரு கல்யாணம் வைக்கிற அளவுக்கு எடமிருக்கு” என்கிறார் என்று அந்த அம்மா சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. டப்பா இரண்டு பேர் முழங்கைக்கு நடுவில் மாட்டியிருந்தது.

ஹட்டனில் ராத்தங்கல். மே மாதத்தில் நம் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி கொதிக்கும். அங்கே குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் கொடுத்தார்கள். மிளகாயையும் வெங்காயத்தையும் உப்போடு இடித்த அந்தச் சம்பல் ஒன்றுதான் அன்றைக்கு என்னைச் சூடாக வைத்தது.

செவ்வாய்க்கிழமை மஸ்கெலியா பஸ்ஸில் போய்த் தோட்டத்துச் சந்தியில் இறங்கி நடந்தேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. பாக்டரியை நெருங்கும்போதே வாசனை வந்துவிட்டது. டீத்தூள் வாசனை இல்லை. பச்சை இலை வாடுகிற வாசனை, வெட்டிய புல்லும் ஆப்பிளும் கலந்த மாதிரி. ஆபீஸ், பாக்டரியை ஒட்டியே இருந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இலையைக் காயவைக்கிற அடுப்பு.

வராந்தா பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“இந்தியாவுல இருந்து வந்த அண்ணந்தானே? நாந்தாங்க புஷ்பராணி. உள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எதுவும் கேக்கணும்னா இந்த ஜன்னல் வழியா கேளுங்க, சொல்றேன்.”

“தினமும் வந்து உட்காந்திருக்கீங்களா?”

“வீட்டுல இருந்தா, பயந்து ஒளிஞ்சிக்கிட்டான்னு சொல்லுவாங்க. பெரட்டுக்கு வர்ற மாதிரி நேரத்துக்கு வந்துர்றேன்.” காலையில் வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிப்பதற்குப் பெயர் பெரட்டு. அப்புறம் அவர் என்னை உற்றுப் பார்த்தார். “நீங்க பேசுறது எங்க ஆளுங்க பேசுற மாதிரியே இருக்குங்க. எந்த ஊரு?”

திருச்சி என்றேன். “எங்க தாத்தாவோட அப்பா முசிறின்னு சொல்லுவாங்க. அங்கேருந்து ஆள் வந்தும் என்னயத்தான் புடிக்கப் போறீங்களா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் கிளார்க், நடராசா ஐயா வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வருவதற்கு முன்னால் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. ஆபீசில் வைத்து அவரே எனக்கு எல்லாம் சொன்னார்.

“இந்தப் பிள்ளையின்ர தாய் கொழுந்து எடுக்கிறவ. லயத்தில, தொழிலாளர் வரிசை வீட்டில இருந்து படிச்சு வந்த பிள்ளை. நான்தான் அவளுக்கு ஆபீஸ் வேலை பழக்கினனான். புகார் எழுதினதும் நான்தான். எனக்கென்ன விருப்பமே? அவளைத் தவிர ஒருத்தருக்கும் அந்தச் சொல் தெரியாது. வேலை போனால் தாயும் மகளும் இருக்கிற குவார்ட்டர்ஸும் போயிடும்.”

பெட்டியில் மெமரி சோதனையை ஓடவிட்டேன். காலை முழுவதும் ஒரு பிழைகூட இல்லை. மத்தியானம் ஒரு பிளேன்டி வந்தது. பால் இல்லாத தேநீர், சர்க்கரையைத் தனியாகக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் திரையில் ஒரு சிவப்பு வரி. பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே இடத்தில். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அடுப்பு மூட்டி இலை காய்கிற நேரம். பெட்டி சூடேறினால் மெமரியில் ஓர் இலக்கம் தானாக மாறிவிடுகிறது.

பெட்டியைத் திறந்து அந்தப் பலகையைக் கழற்றினேன். அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

செல்வி, அது உன் நகப்பூச்சு. உனக்கு அப்போது ஏழு வயது. நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்காது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகிற மெமரியை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஓடினால் சிவப்புப் பொட்டு வைத்துத் தனியாக வைப்பேன். பழையது என்று எனக்கு மட்டும் தெரிய. இந்தத் தோட்டத்துப் பெட்டியைத் தயார் செய்த அன்று ஒரு பலகை குறைந்தது. புதியது வரும்வரை காத்திருக்காமல் பொட்டு வைத்ததில் ஒன்றை எடுத்துப் பொருத்தினேன். யாருக்கும் சொல்லவில்லை.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த புதியவற்றைப் பொருத்தினேன். ஜன்னலுக்கு வெளியே புஷ்பராணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுவும் தெரிஞ்சிச்சாங்கண்ணே?” என்றார். “பார்க்கிறேம்மா” என்றேன்.

தப்பான கையொப்பம் விழுந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. சாவி எப்படி வெளியே போனது? புதன்கிழமை அதை நினைத்துக்கொண்டே கடித பைல்களைப் புரட்டினேன். ஒரு பைலில் சில கடிதங்கள் இரண்டிரண்டாக இருந்தன. கடிதம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கையொப்பம் மட்டும் வேறு. ஒன்றின் மேல் ‘பிழையானது’ என்றும், மற்றதன் மேல் ‘திருத்தியது’ என்றும் இருந்தது. ஏழு ஜோடி.

ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“கையொப்பம் சரியில்லன்னு கொழும்புல இருந்து போன் வருங்க. மறுநா காலையில திரும்பப் போட்டா சரியா விழும். ரெண்டையும் சேத்து எல்லாருக்கும் அனுப்பிருவேன்.”

“சரியானதை மட்டும் அனுப்பினா போதாதா?”

“அதெப்புடிங்க? பிழைய மறைக்கக் கூடாதில்ல. ஐயா பழக்குனது அதுதான்.”

நடராசா ஐயா பேர்ப் பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒரு பெயர் தப்பாக எழுதப்பட்ட இடத்தில் ஒற்றைக் கோடு. கோட்டுக்கு அடியில் பழைய பெயர் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் சரியான பெயர், சின்னதாக ஒரு கையெழுத்து. “தோட்டத்துப் புத்தகத்தில ரப்பர் தொடக்கூடாது. அழிச்சால் களவு. வெட்டினால் திருத்தம். பிழையும் தெரிய வேணும், சரியும் தெரிய வேணும். நான் எழுதப் பழக்கின ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் சொல்லுறது இதுதான்.”

சார் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. தப்பான கையொப்பம் ஒன்று சரியானதோடு சேர்ந்து வெளியே போனால் கதை முடிந்தது என்று.

வியாழக்கிழமை ஹட்டனுக்குப் போய் ஒரு கடையிலிருந்து ஒரு ஜோடிக் கையொப்பத்தை சாருக்கு மெயிலில் அனுப்பினேன். அது போய்ச் சேருவதற்குள் மழை இரண்டு தடவை விட்டுப் பெய்தது. மத்தியானம் கொமினிகேஷனில் இருந்து, அங்கே டெலிபோன் பூத்துக்கு அதுதான் பெயர், திருச்சிக்குப் பேசினேன்.

“ரெண்டையும் கழிச்சு வகுத்துப் பார்த்தேன். சாவி வந்துடுச்சு” என்றார் சார். எப்படியென்று ஒரு சின்ன எண்ணை வைத்து விளக்கவும் செய்தார்.

“எவ்வளவு நேரமாச்சு சார்?”

“டீ ஆறுறதுக்குள்ள.”

“அப்ப அந்தப் பொண்ணு குடுக்கல. கடிதம் வாங்குன யாரோ ஒருத்தன் இத மாதிரி எடுத்திருக்கான். சொல்லிடட்டுமா சார்?”

சார் குரலைத் தாழ்த்தினார். “கையொப்பம் போட்டதும் சரியான்னு ஒருவாட்டி பார்த்துட்டு வெளிய விடணும். அத நான் எழுதாம விட்டுட்டேன். தெரிஞ்சா நம்மகிட்ட வாங்குனவன் அத்தனை பேரும் திரும்பி வருவான். நீ கரண்ட் சரியில்லன்னு சொல்லு. அங்க மலைதானே, நம்புவாங்க.”

“சார், அந்த மெமரி…”

“எந்த மெமரி?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி ஹட்டனிலேயே தங்கினேன்; பருப்பும் சோறும் வைத்ததை அப்படியே தள்ளிவைத்தேன். உங்கள் இரண்டு பேர் முகமும், புஷ்பராணியின் குடையும் மாறி மாறி வந்தன. சாவி போன வழியை மட்டும் சொல்லிவிடுவோம், அவர் தப்பித்துவிடுவார். காரணத்தைக் கரண்ட் மேல் போட்டுவிட்டால் நானும் தப்பித்துவிடுவேன். இப்படி இரண்டு பக்கமும் கட்டிவைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

விசாரணை பெரிய தொரையின் அறையில். தோட்டத்து மேனேஜரைத்தான் தொரை என்கிறார்கள். சிங்களவர், நிதானமான மனிதர். இங்கிலீஷில் பேசினார், நடராசா ஐயா தமிழில் சொன்னார். புஷ்பராணி கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

கரும்பலகை இல்லை. ஒரு தாளில் 77 என்று எழுதினேன்.

“சாவி ரெண்டு பகா எண்ணுங்க. ரெண்டையும் பெருக்கினது எல்லாருக்கும் தெரியும். ரெண்டும் தனித்தனியா என்னென்னதான் ரகசியம். சின்னதா எழுபத்தேழுன்னு வச்சுக்குவோம். நிஜத்துல முந்நூறு இலக்கம், யாராலயும் பிரிக்க முடியாது. வேகமா போடணும்னு புரோகிராம் கையொப்பத்த ரெண்டு பாதியா போடுது. ஒரு பகா எண்ணுக்கு ஒரு பாதி. அப்புறம் ரெண்டையும் சேர்க்குது. சரியான கையொப்பம் நாற்பதுன்னு வைங்க. ஒரு பாதி போடும்போது மட்டும் மெமரி தப்பு பண்ணி, அறுபத்தொண்ணு வந்திடுச்சு. இன்னொரு பாதி சரியாவே இருக்கு. இப்ப பெரியதுல இருந்து சின்னதக் கழிங்க.”

“இருபத்தொண்டு” என்றார் நடராசா ஐயா.

“சரியா இருந்த பாதி கழிச்சதுல அடிபட்டுப் போச்சு. மிச்சம் இருக்கிறது அந்தப் பகா எண்ணோட மடங்கு. இருபத்தொண்ணுக்கும் எழுபத்தேழுக்கும் மீ.பொ.வ. பாருங்க.”

அவர் பென்சிலை எடுத்தார். எங்கள் பள்ளியில் மீ.பொ.வ., அவர்கள் பள்ளியில் பொதுக் காரணிகளுட் பெரியது. கணக்கு ஒன்றுதான். ஏழு என்று எழுதினார். எழுபத்தேழை ஏழால் வகுத்துப் பதினொன்று என்று எழுதினார். பென்சிலை வைத்துவிட்டு அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப இவள் சாவியை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை” என்றார். “பிழையையும் சரியையும் சேர்த்து அனுப்பு எண்டு நான் பழக்கினதால போயிருக்கு.”

தொரைக்கு அதைச் சொல்லிவிட்டுப் புஷ்பராணி பக்கம் திரும்பினார். “இரு பிள்ளை” என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாணப் பேச்சில் இரு என்றால் உட்கார்; அப்போதுதான் புஷ்பராணி உட்கார்ந்தார்.

தொரை எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார். எழுதினேன். ‘மின்னழுத்தக் குறைவால் கையொப்பம் பிழையானது’ என்று முதல் வரி. கீழே மற்றதெல்லாம். நடராசா ஐயா வாசித்துச் சொல்லச் சொல்லத் தொரை தலையாட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நடராசா ஐயா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

“கரண்டைச் சீராக்கிற பெட்டி ஒண்டு இருக்கே, ஸ்டெபிலைசர். அதைத் தினமும் போடுறது ஆருடைய வேலை எண்டு கேக்கிறார்.”

“என் வேலதாங்க” என்றார் புஷ்பராணி. மறுபடியும் எழுந்து நின்றுவிட்டார். “ஒரு நாளும் போடாம இருந்ததில்லீங்க.”

தொரை பேனாவை எடுத்து எதையோ குறிக்கப் போனார். நான் கை நீட்டி என் தாளைத் திரும்ப வாங்கினேன். கசக்கிவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பாதி மடித்தேன்.

“கசக்காதீங்கண்ணே” என்றார் புஷ்பராணி. என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியாது. “தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போடுங்க. கிட்டத்துல சரியானத எழுதிட்டுச் சின்னதா கையெழுத்து வைங்க. அதுபோதும்.”

கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: ‘நான் பொருத்திய பழைய மெமரியால்.’ கையெழுத்து வைத்தேன். சட்டைப் பையிலிருந்து அந்தப் பலகையை எடுத்துத் தாளின் மேல் வைத்தேன். தொரை அந்தச் சிவப்புப் பொட்டைத் தொட்டுப் பார்த்து என்னவென்று கேட்டார். மகளின் நகப்பூச்சு என்றேன்.

பலகையை அந்தப் பைலோடு சேர்த்துக் கட்டிவைத்துக்கொண்டார்கள். சத்துமாவு டப்பா காலியாக வந்ததற்கு அதுதான் காரணம், உங்களுக்கு டாபி வாங்கிவர அப்பா மறக்கவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். திருச்சிக்கு வருவதற்குள் நான் எழுதிக்கொடுத்த கடிதம் சாருக்கு பேக்ஸில் போயிருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. மேஜையில் இருந்த என் ஸ்குரூடிரைவர்களை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தார்.

அந்தக் கடிதத்தின் நகல் பீரோவில் என் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கோடு போட்ட வரியையும் படிக்க முடியும்.